ஓட வேண்டாம், மருந்தே இதயத்தை ஓட வைக்கும்: 'ஸ்ட்ரெஸ் எக்கோ' டெஸ்ட் ஆபத்தானதா?

நெஞ்சுவலி என்று லால்பேட்டையில் இருந்து சிதம்பரத்துக்கோ புதுச்சேரிக்கோ போனால், இ.சி.ஜி., எக்கோவுக்கு அடுத்து பலருக்கும் எழுதித் தருவது டிரெட்மில் டெஸ்ட். முழங்கால் தேய்ந்தவர், பக்கவாதம் வந்தவர் எப்படி ஓடுவது? அவர்களிடம்தான் "மருந்து ஏத்திப் பார்த்துடலாம்" என்கிறார் டாக்டர். உடனே வீட்டில் ஒரு பயம்: "இல்லாத அட்டாக்கை இவங்களே வர வெச்சிடுவாங்களோ?"

என்ன செய்வார்கள்?

டோபுடமின் என்ற மருந்தை கை நரம்பில் சொட்டுசொட்டாக ஏற்றி, சுமார் 3 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டுவார்கள். ஓடும்போது துடிப்பது போல இதயம் வேகமாகத் துடிக்கும். 220-ல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம்தான் இலக்கு. 60 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 136 துடிப்பு. ரத்தம் சரியாகப் போகாத பகுதி அப்போது சரியாகச் சுருங்காது, எக்கோ திரையில் அது தெரிந்துவிடும்.

ரிஸ்க் எவ்வளவு?

படபடப்பு, தலைவலி, நெஞ்சில் இறுக்கம் வரலாம். பெரும்பாலும் மருந்தை நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிடும், ஏனென்றால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் சுமார் 2 நிமிடத்திலேயே பாதியாகிவிடும். மாரடைப்பு, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு போன்றவை சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு வரலாம். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதனால்தான் பக்கத்தில் டாக்டரும், ஷாக் கொடுக்கும் மெஷினும் இருக்கணும். இருக்கான்னு கேட்பதில் தப்பே இல்லை.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், பிரஷர் கட்டுப்படாதவர், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கியவர் ஆகியோருக்கு பொதுவாக இதைத் தவிர்ப்பார்கள்.

வீசிங் இருக்கா? மறைக்காதீங்க

நியூக்ளியர் ஸ்கேன் என்றால் மருந்தே வேறு: அடினோசின் அல்லது ரெகாடினோசான். இவை ரத்தக்குழாயை விரிப்பவை. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறல் வரலாம், முக்கியமாக அடினோசினில். இந்த இரண்டு மருந்துகளாலும் அரிதாக மாரடைப்பு, மரணம்கூட நேரலாம் என்று 2013 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. தடை செய்யவில்லை; நெஞ்சுவலி நிலையாக இல்லாதவர்களுக்குத் தவிர்க்கச் சொன்னது.

நம்ம ஊர்ல பலரும் கோட்டை விடுறது டீ விஷயத்தில். இந்த ஸ்கேனுக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் டீ, காபி, கோலா கூடாது. "அரை கிளாஸ்தானே" என்று குடித்தாலும் மருந்து சரியாக வேலை செய்யாது. டெஸ்டைத் தள்ளிப் போடுவார்கள், இல்லையென்றால் ரிசல்ட் தப்பாக வரலாம்.

டோபுடமின் டெஸ்டுக்கு வேறு சிக்கல். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏற விடாது. அதற்காக நீங்களே நிறுத்திடாதீங்க. திடீரென விட்டால் நெஞ்சுவலி கூடலாம். எப்போது நிறுத்துவது, நிறுத்தணுமா என்பதையே டாக்டர்தான் சொல்லணும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருந்தாலும் சொல்லிடுங்க. துடிப்பு போதுமான அளவு ஏறாவிட்டால் கூடவே போடும் அட்ரோபின் அவர்களுக்கு ஒத்துக்காமல் போகலாம்.

மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. டெஸ்டுக்கு நடுவில் வலி வந்தால் பொறுத்துக்காமல் உடனே சொல்லுங்க.