அவஸ்தைப்பூசுதல்: ஒரு பெயர் கிளப்பிய பயம்

இன்னைக்கு ஒரு சின்ன எண்ணெய்ச் சிமிழோட கதை.

மூணு வருஷம் முன்னாடி எங்க அம்மாச்சிக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். பங்குச் சாமியாரைக் கூப்பிடலாமான்னு கேட்டேன். மாமா என்னை வராண்டாவுக்கு இழுத்துட்டுப் போய், "சாமியாரைப் பாத்தா அம்மா பயத்துலயே போயிரும்டா"ன்னார். யாரும் கூப்பிடல. அம்மாச்சி பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆனா அந்தப் பயம் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குக் குடைச்சல்.

கத்தோலிக்கத் திருச்சபையில புனித எண்ணெய் மூணு. புனித வாரத்துல, வழக்கமா பெரிய வியாழன் காலையில, ஆயர் மூணையும் மந்திரிப்பார். திருமுழுக்குக்குத் தயாராகிறவங்களுக்கு ஒண்ணு, நோயாளிகளுக்கு ஒண்ணு, அப்புறம் வாசனைத் தைலம் கலந்த கிறிஸ்மா. இதுல நோயாளிகள் எண்ணெயைப் பாத்தாதான் வீட்ல நடுக்கம். எங்க பெரியவங்க அந்தச் சடங்கை இன்னும் அவஸ்தைப்பூசுதல்னுதான் சொல்றாங்க. அவஸ்தைன்னா இங்க சாகுற நேரத்து வேதனை.

ஆரம்பத்துல அப்படி இல்லை. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் கடிதம், நோயாளி மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும், ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார் என்கிறது. கி.பி. 416இல் இத்தாலியின் குப்பியோ நகர ஆயர் தெசென்சியுஸுக்கு ஒரு சந்தேகம்: கடிதத்தில் மூப்பர்கள்னுதானே இருக்கு, ஆயர் பூசலாமா? திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் பதில் எழுதுறார். ஆயர் தாராளமா பூசலாம். அது மட்டுமில்ல, ஆயர் மந்திரிச்ச எண்ணெயைத் தங்களுக்கோ வீட்டாருக்கோ தேவைன்னா எல்லாக் கிறிஸ்தவர்களுமே பயன்படுத்தலாம். அதாவது அது வீட்டு அலமாரியில இருக்கிற மருந்து மாதிரி. பாவத்துக்குப் பொதுத் தண்டனையில் இருக்கிறவங்களுக்கு மட்டும் கூடாதுன்னு ஒரு நிபந்தனை.

வேடிக்கை என்னன்னா, பிற்பாடு அந்தத் தண்டனையோடதான் எண்ணெய் ஒட்டிக்கிச்சு. 9ஆம் நூற்றாண்டில், சார்லமேன் வம்சத்து ஆட்சிக்காலத்துச் சீர்திருத்தங்களில், பூசுறது குருக்களோட வேலை மட்டும்னு ஆச்சு. மரணப்படுக்கைப் பாவமன்னிப்போட சேத்துக் கொடுத்தாங்க. பூசின ஆள் பிழைச்சிட்டா? இனிமே மனைவியோட சேரக்கூடாது, இறைச்சி தின்னக்கூடாது, வெறுங்காலோட நடக்கக்கூடாதுன்னு ஜனங்க நம்பினாங்க. அப்ப யார் சீக்கிரமா கூப்பிடுவா? கடைசி மூச்சு வரை தள்ளிப்போட்டாங்க. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆயர்கள் இது மூடநம்பிக்கைன்னு கண்டிக்க வேண்டியிருந்தது. அதுக்குள்ள இறையியல் நூல்களிலேயே 'இறுதிப் பூசுதல்'ங்கிற பெயர் நிலைச்சிடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 1551, திரெந்து பொதுச்சங்கம். முதல் வரைவில், சாவோடு போராடுறவங்களுக்கு 'மட்டும்' பூசணும்னு இருந்தது. இறுதி வடிவத்தில் அது 'சிறப்பாக'ன்னு மாறுது. ஒரே ஒரு சொல். யாரோ கோட் ரிவ்யூவில் உட்கார்ந்து திருத்தின மாதிரி. ஆனா பெயரை மாத்தல. பெயர் தப்பா இருந்தா, உள்ளே எவ்வளவு சரியா எழுதினாலும் பயன்படுத்துறவன் பெயரைத்தான் நம்புவான். நடைமுறையில் நானூறு வருஷம் 'மட்டும்'தான் ஓடுச்சு.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'நோயாளிகள் பூசுதல்'னு சொல்றதே பொருத்தம், சாகும் தறுவாயில் இருக்கிறவங்களுக்கு மட்டுமானது இல்லைன்னு எழுதுச்சு. 1972இல் ஆறாம் பவுல் சடங்கையே மாத்தினார். கண், காது, மூக்கு, வாய், கை, கால்னு பூசினது போய், நெற்றியும் கைகளும் போதும்னு ஆச்சு. ஆலிவ் எண்ணெய் கிடைக்காத ஊர்ல வேற தாவர எண்ணெய் ஆகலாம். நோய் முத்தினா மறுபடியும் பூசலாம். தமிழிலும் பெயர் நோயில்பூசுதல்னு மாறிடுச்சு.

போன பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். எங்க பங்குல நோயாளிகளுக்குத் தனிப் பூசை. அம்மாச்சியை நான்தான் கூட்டிட்டுப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. சாமியார் நெற்றியிலும் ரெண்டு உள்ளங்கையிலும் பூசினார். அம்மாச்சி கையை முகர்ந்து பாத்துட்டு, "நம்ம எண்ணெய் வாசம் இல்லையே"ன்னாங்க.

மாமா பூசை முடியிற வரைக்கும் வெளியே பைக்லயே உட்கார்ந்திருந்தார்.