பெயரில்லாமல் வந்த வங்கி

சும்மா கிடக்கிற பணத்துக்கு வட்டி தருகிறேன் என்று ஒருத்தர் வந்தால் வேண்டாம் என்பீர்களா?

எகிப்து கிராமங்களில் சொன்னார்கள். இஸ்லாத்தில் வட்டி ஹராம். வாங்கினாலும் பாவம், கொடுத்தாலும் பாவம். எனவே, மிஞ்சிய காசு வங்கிப் பக்கமே போகாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்தர் சின்னதாய்த் தொழில் தொடங்க முதலில்லாமல் தவித்துக்கொண்டிருப்பார். அவரும் வங்கிக்குப் போகமாட்டார்.

அகமது அல் நஜ்ஜார் இதை யோசித்தார். மேற்கு ஜெர்மனியில் படித்த பொருளாதார நிபுணர். சாதாரண ஜனங்களின் சேமிப்பு அந்தந்த ஊர்த் தொழிலுக்கே முதலாகத் திரும்பும் சேமிப்பு வங்கிகளை அங்கே பார்த்திருந்தார். நம்மூரில் வட்டிதானே இடிக்கிறது? அதை எடுத்துவிட்டால்?

1963-ல் நைல் டெல்டாவில் உள்ள மித் கம்ர் என்னும் ஊரில் அப்படியொரு வங்கியைத் திறந்தார். சேமிப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. தேவைப்பட்டால் வட்டியில்லாக் கடன் உண்டு. முதலீட்டுக் கணக்குக்கு லாபத்தில் பங்கு. ஏழைகளுக்கு உதவ ஜகாத் நிதி தனி.

அந்த இரண்டாவது கணக்கில்தான் சூட்சுமம். முதாரபா என்பார்கள். அரேபியாவில் ஒட்டகங்கள் சரக்கு சுமந்த காலத்து ஏற்பாடு. ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் உழைப்பார். லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளவேண்டும். நஷ்டமா? இவருக்குப் பணம் போச்சு, அவருக்கு உழைப்பு போச்சு. கணக்கு சரி. பணம் போடுகிறவருக்கும் நஷ்ட பயம் இருப்பதால், ஆளையும் தொழிலையும் நன்றாகப் பார்த்துத்தான் கொடுப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். வங்கியின் பெயரில் இஸ்லாம் என்ற சொல்லே கிடையாது. நாசரின் ஆட்சி. முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தை 1954-லேயே தடை செய்து, ஆட்களைச் சிறையில் தள்ளியிருந்த நேரம். மதத்தின் பெயரைச் சொன்னால் வங்கிக்கு ஆயுள் இருக்காது.

ஆனால் ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. முதல் வருடம் பதினேழாயிரத்துச் சொச்சமாக இருந்த கணக்குதாரர்கள், 1967-ல் இரண்டரை லட்சத்தைத் தாண்டினார்கள். ஒன்பது கிளைகள். அதே வருடம் அரசு வங்கிகள் அதை எடுத்துக்கொண்டன. வட்டியும் திரும்பி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1971-ல் அதே எகிப்தில் வட்டியில்லாத வங்கி ஒன்றை அரசே தொடங்கியது. பெயர், நாசர் சமூக வங்கி! 1975-ல் துபாய் இஸ்லாமிய வங்கி, பெயரைப் பகிரங்கமாகவே போட்டுக்கொண்டு வந்தது. பிறகு உலகெங்கும் பல.

பெயர் வந்துவிட்டது. பங்கு? இன்றைய இஸ்லாமிய வங்கிகள் பலவற்றில் பெரும்பகுதி வியாபாரம் முராபஹா. பொருளை வங்கி வாங்கி, கூடுதல் விலைக்குத் தவணையில் உங்களுக்கு விற்கும். ஷரியத்தில் அனுமதி உண்டு. ஆனால் உங்கள் தொழில் படுத்தால் வங்கி கூட நிற்காது. தவணையைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

மித் கம்ரில் வாசல் பலகையில் இஸ்லாம் இல்லை. நஷ்டத்தில் பாதி என்னுடையது என்கிற மனசு உள்ளே இருந்தது. ஜனங்கள் எதை நம்பி வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?