25,000 பவுண்டு போன வழி

போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கிராமத்துக் கூடங்களில் வயலின் கேட்டதென்றால், அதற்கு ஆதி காரணம் அமெரிக்க மண்ணெண்ணெய். ராக்ஃபெல்லர் எண்ணெய்த் தொழிலில் இறங்கிய நாட்களில் அவரை நம்பிப் பணம் போட்டவர்களில் ஸ்டீபன் ஹார்க்னஸ் ஒருவர். அது பெருகிப் பெருகி மகன் எட்வர்டின் கைக்கு வந்தது. மகனுக்கு இங்கிலாந்தின் மேல் தனிப் பிரியம். 1930இல் இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் தூக்கிக் கொடுத்து, அங்கே பில்கிரிம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை நிறுவினார்.

பத்தாண்டில் போர் வந்துவிட்டது. இரவில் ஊரெல்லாம் இருட்டு. இசைக் கலைஞர்கள் பலருக்குப் பிழைப்பு போயிற்று. 1940 ஜனவரியில் டிரஸ்ட் 25,000 பவுண்டை எடுத்து வைக்க, கல்வி வாரியத்தின் நிழலில் 'சீமா' என்ற கலை ஊக்குவிப்புக் குழு பிறந்தது. நீ ஒரு பவுண்டு போட்டால் நானும் ஒன்று போடுகிறேன் என்று அரசுக் கருவூலமும் சேர்ந்துகொண்டது.

பணம் ஊர் ஊராகக் கிளம்பியது. அதைக் கொண்டுபோனவர்கள் ஆறு 'இசைப் பயணிகள்'. அவர்களில் ஒருவர் இமோஜென் ஹோல்ஸ்ட், இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் முதல் கார்ன்வால் வரை மேற்கு இங்கிலாந்து முழுவதும் அவர் பொறுப்பு. ஒரு ஊரில் பித்தளை வாத்தியக் குழுவை நடத்துவார். இன்னொரு ஊரில், தகரக் கொட்டகையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களைப் பாட வைப்பார். குண்டுவீச்சுக்குத் தப்ப நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அவரோடு பாடினார்கள். தேர்ந்த கலைஞர்களின் கச்சேரிகளுக்கும் ஏற்பாடு செய்தார். ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து கூடப் பாடலாம் என்று அவர் நடத்திய விழாக்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கேட்பவரே பாடுபவராகிவிடுகிறார், செலவும் குறைவு.

1942இல் டிரஸ்ட் விலகியது. முழுச் செலவும் அரசின் தலையில் விழுந்தது. தலைவர் நாற்காலியில் பொருளாதார மேதை கெய்ன்ஸ் வந்து அமர்ந்தார். அவருக்கு வேண்டியது தேர்ந்தவர்களின் தரமான கலை. கொட்டகைப் பாட்டிமார்களிடம் அவருக்குப் பெரிய ஆர்வமில்லை. அந்த ஆண்டின் நடுவில் ஹோல்ஸ்டின் பயணமும் முடிந்தது.

கெய்ன்ஸை வெறுமனே திட்டிவிட முடியாது. சண்டை ஓய்ந்ததும் கடையைக் கட்டாமல், சீமாவை ஆர்ட்ஸ் கவுன்சில் என்ற நிரந்தர அமைப்பாக்க வழி செய்தவர் அவர். 1945–46இல் அதற்குக் கிடைத்த அரசுப் பணம் 2,35,000 பவுண்டு. 1946 ஆகஸ்ட்டில் அரச சாசனம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, ஏப்ரலிலேயே காலமாகியிருந்தார்.

ஆனால் வாய்க்கால் திசை மாறிவிட்டது. போரின்போது நடனக் கூடமாக இருந்த லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம், 1946 பிப்ரவரியில் பாலே நடனத்தோடு மறுபடி திறந்தது. அதன் அறங்காவலர் குழுவுக்கும் கெய்ன்ஸ்தான் தலைவர். கவுன்சிலின் பணத்தில் பெரிய பங்கு அங்கே போகத் தொடங்கியது. நாடெங்கும் இருந்த தன் வட்டார அலுவலகங்களைக் கவுன்சில் 1956க்குள் மூடிவிட்டது.