தட்டைத் திருப்பும் கை: தொடர் ஒலிக் கருவிகளும் செவியேற்றலும்

அரபி மொழியில் ‘ஸமிஅ’ என்ற வினைக்கும் ‘இஸ்தமஅ’ என்ற வினைக்கும் உள்ள வேறுபாட்டை முதலாண்டு மாணவர்களுக்கே நாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். முன்னது காதில் விழுதல். பின்னது காது கொடுத்தல். முன்னதற்கு நாட்டம் வேண்டியதில்லை. பின்னதற்கு நாட்டமே உயிர். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஸஜ்தா வசனம் ஓதப்படுங்கால் யார் ஸஜ்தா செய்ய வேண்டும் என்ற வினாவிலும் இவ்வேறுபாடு பேசப்படுகின்றது. தற்செயலாகக் காதில் விழுந்தவர் மீதும் அது கடமையாகும் என்பர் ஹனஃபி அறிஞர்கள். நாடிச் செவிதாழ்த்தியவருக்கே அது உரியது என்பர் மாலிகி, ஹன்பலி அறிஞர்கள். இருவருக்கும் ஸுன்னத்து எனினும் செவிதாழ்த்தியவருக்கே அது வலியுறுத்தப்பட்டது என்பது ஷாஃபி மத்ஹபின் கருத்து.

இவ்விரு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு, கடந்த ஒரு நூற்றாண்டில் வீடுகளுக்குள் வந்த ஒலிக்கருவிகளின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு தட்டை வைத்து, அது முடிந்ததும் எழுந்து சென்று மாற்றும் கருவி ஒரு வகை. பல தட்டுகளை அடுக்கிவிட்டு அமர்ந்துவிடத்தக்க கருவி மற்றொரு வகை. இவற்றுள் எது வசதியானது என்பதில் ஐயமில்லை. அவ்வசதிக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதே வினா.

நான்கு நிமிட எல்லை

1877இல் எடிசன் உருளையில் ஒலியைப் பதிந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் தட்டையான வட்டத்தட்டைப் பயன்படுத்தும் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் நிலைபெற்ற 78 சுற்றுத் தட்டில், பத்து அங்குல அளவுடையது பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களும், பன்னிரண்டு அங்குல அளவுடையது நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேலும் ஒலித்தன. கருவிக்குச் சாவி கொடுக்க வேண்டும். எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்ப வேண்டும். கேட்பவர் கருவியின் பணியாளராகவும் இருந்த காலம் அது.

நெடிய படைப்புகளுக்கு இந்த எல்லை பெருந்துன்பமாயிற்று. 1913இல் நிகிஷ் நடத்திப் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவினர் பதிவு செய்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி எட்டுப் பக்கங்களில் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு படைப்பை ஏழு இடங்களில் அறுத்துக் கேட்பதை யாரும் விரும்பிச் செய்யார். இத்தகைய பல தட்டுகளை உறைகளில் இட்டு நூலைப் போல் கட்டிய தொகுப்பிற்கே ‘ஆல்பம்’ என்ற பெயர் வழங்கிற்று. இன்று ஏடுகளும் இல்லை, கட்டும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

தானே மாற்றும் கருவி

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே ‘ரெக்கார்டு சேஞ்சர்’ எனப்பட்ட தட்டு மாற்றி. 1927இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் தானியங்கிக் கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் பல வடிவங்கள் தோன்றின. தட்டையே புரட்டிப் போடும் விலையுயர்ந்த கேப்ஹார்ட் கருவியும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பரவலாக நிலைத்தது எளிய வடிவமே: உயர்ந்த நடுக்கம்பியில் தட்டுகளை அடுக்கிவிட்டால், ஒன்று முடிந்ததும் ஊசிக் கை விலகும், அடுத்த தட்டு கீழே விழும், கை மீண்டும் வந்து அமரும்.

இக்கருவி தட்டுகளின் வரிசையையே மாற்றிவிட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஐந்து தட்டுகள், பத்துப் பக்கங்கள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொள்வோம். ஒற்றைத் தட்டுக் கருவிக்குரிய தொகுப்பில் முதல் தட்டின் இரு புறமும் 1, 2ஆம் பக்கங்கள். இரண்டாம் தட்டில் 3, 4. தட்டு மாற்றிக்குரிய தொகுப்பிலோ முதல் தட்டில் 1, 10. இரண்டாவதில் 2, 9. இவ்வாறே சென்று ஐந்தாவதில் 5, 6. ஐந்து பக்கங்கள் தொடர்ந்து ஒலித்தபின், அடுக்கு முழுவதையும் ஒரே முறை புரட்டி வைத்தால் மறு ஐந்தும் வரிசை பிறழாமல் வரும். ஒரே படைப்பு இவ்விரு வரிசைகளிலும் விற்கப்பட்டதுண்டு. ஒற்றைத் தட்டுக் கருவி உடையவர் தவறிப்போய் இரண்டாம் வகையை வாங்கிவிட்டால், ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு தட்டை இறக்கி மற்றொன்றை ஏற்ற வேண்டும். ஒருவரின் வசதி மற்றொருவரின் தொல்லையாயிற்று.

இரு நிறுவனங்களின் போட்டி

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு முப்பத்துமூன்றே மூன்றிலொரு பங்கு சுற்றும் நெடுந்தட்டை வெளியிட்டது. பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கவல்லது அது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் ஏழு அங்குலமே உடைய 45 சுற்றுத் தட்டையும், அதற்கெனவே விரைந்து மாற்றும் கருவியையும் கொண்டுவந்தது. நடுவில் ஒன்றரை அங்குலத் துளை, தடித்த நடுத்தண்டு, சில நொடிகளில் மாற்றம். நெடிய படைப்பைக் கேட்பதற்கு இரு வழிகள் இவ்வாறு எதிரெதிரே நின்றன. ஒருவர் தட்டையே நீளமாக்கினார். மற்றவர் சிறு தட்டுகளை விரைவாக மாற்றினார்.

முடிவு விரைவில் தெரிந்தது. 1950இல் ஆர்.சி.ஏ.வே நெடுந்தட்டு வெளியிடத் தொடங்கியது. 45 சுற்றுத் தட்டு தனிப்பாடல்களின் தட்டாக நிலைபெற்றது. தட்டு மாற்றி அத்துடன் மறையவில்லை. ஆறு, எட்டு நெடுந்தட்டுகளை அடுக்கிவைத்து விருந்து நேரம் முழுவதும் ஒலிக்கவிடுவது 1950களிலும் 1960களிலும் வீட்டு வழக்கமாயிற்று. கேட்பதற்கென்று அமர்ந்த காலம் போய், உண்ணும்போதும் உரையாடும்போதும் பின்புலத்தில் ஒலி ஓடும் காலம் அங்கே தொடங்கிற்று.

நுணுகிக் கேட்போர் இக்கருவியைக் கைவிட்டதற்குக் காரணங்கள் இருந்தன. விழும் தட்டு அடியிலுள்ளதன் மேல் உராயும். அடுக்கு உயர உயர, ஊசி வரிப்பள்ளத்தில் படியும் கோணம் மாறும். மேல்தட்டு வழுக்கிச் சுற்று குன்றும். பள்ளங்களைக் காக்க, தட்டின் விளிம்பையும் நடுப்பகுதியையும் சற்று உயர்த்தி வார்த்தனர். எனினும், 1970களில் தரம் நாடியவர்கள் ஒற்றைத் தட்டுக் கருவிகளுக்கே திரும்பினர்.

கெய்ரோவின் அனுபவம்

அரபு உலகில் இவ்வரலாறு வேறொரு முகம் காட்டுகின்றது. அங்கு இசையின் உயிரே நீட்சியில் இருந்தது. உம்மு குல்ஸூம் மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் வானொலியில் பாடியபோது ஒரு பாடல் ஒரு மணி நேரத்தையும் கடக்கும். அவையோர் வேண்டினால் அதே அடியை வேறு விதமாக மீண்டும் பாடுவார். தட்டோ எத்தனை முறை வைத்தாலும் ஒரே விதமாகவே பாடும். 78 சுற்றுத் தட்டு அக்கலையைச் சுருக்கிற்று; வானொலியும் நெடுந்தட்டும் அதற்கு மூச்சு விட இடம் தந்தன.

குர்ஆன் ஓதலில் இது இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. 1934இல் எகிப்திய வானொலி தொடங்கியபோது காரி முஹம்மது ரிஃப்அத் அவர்களின் ஓதல் ஒலித்தது. அது நேரலை, தவறவிட்டவருக்கு மறுமுறை இல்லை. ஆகவே குறித்த நேரத்தில் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடினர். பின்னர் 1959இல் லபீப் அஸ்ஸயீத் என்ற அறிஞர் முழுக் குர்ஆனையும் ஒலியில் தொகுக்கும் திட்டத்தை முன்வைத்தார். முதற்கலீஃபாவின் காலத்து ஏட்டுத் தொகுப்பை நினைவூட்டும் வகையில் அதனை ஒலித்தொகுப்பு என்றே அழைத்தார். காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ ஓத, 1961இல் அது தட்டுகளாக வெளிவந்தது. 1964இல் தொடங்கிய குர்ஆன் வானொலி அவ்வோதலைத் தொடர்ந்து பரப்பிற்று. தேர்ந்த ஆசிரியர் இல்லாத ஊர்களிலும் பிழையற்ற ஓதல் சென்று சேர்ந்தது இதனால் விளைந்த பெரும் பயன். அதே வேளை, கடைத்தெருவில் விலை பேசும்போதும் மேலே ஓதல் ஓடிக்கொண்டிருக்கும் நிலையும் இதனாலேயே வந்தது.

நானூறு தட்டுகள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாவும், 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டும் அடுத்த படிகள். குறுந்தட்டு ஒரே பக்கத்தில் எழுபது நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கும்; திருப்பும் வேலையே இல்லை. அப்படியிருந்தும் மனிதர் நிறைவடையவில்லை. மூன்று, ஐந்து, ஆறு குறுந்தட்டுகள் ஏற்கும் கருவிகள் வந்தன. இருநூறும் நானூறும் ஏற்கும் பெட்டிகளைச் சோனி விற்றது. எது அடுத்து வரும் என்பதையும் கருவியே குலுக்கித் தேர்ந்துகொள்ளும். 2001இல் ஆயிரம் பாடல்கள் சட்டைப் பையில் அடங்கின. இன்று கைப்பேசியில் தொகுப்பிற்கு முடிவே இல்லை.

1990களில் வளைகுடாவிலிருந்து நம் உறவினர் ஒருவர் மூன்று தட்டுக் கருவியொன்றைக் கொண்டுவந்தார். அவ்வீட்டு முதியவர் பார்வை இழந்து படுக்கையில் இருந்தவர். தட்டை எடுத்து வைக்கும் ஆற்றல் அவருக்கில்லை. ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டிக் கொடுத்தபின், மூன்று மணி நேரத்திற்கு மேல் யாரையும் அழைக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். இடையிடையே உதடுகள் அசையும். வசதியைப் பழிக்கும் எவரும் அம்முதியவரை நினைவில் கொள்ள வேண்டும். அதே கருவி அதே கூடத்தில், பின்னர் ஒரு திருமண நாளில், காலை முதல் மாலை வரை ஓடிற்று. என்ன ஒலித்தது என்று மாலையில் கேட்டோம். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு முந்திய நம் ஊர்த் திருமணங்களில், ஒலிப்பெருக்கிக்காரர் பெட்டியின் அருகிலேயே அமர்ந்திருப்பார். நாகூர் ஹனீபா அவர்களின் பாடலொன்று முடிந்தால், அடுத்த தட்டை உறையிலிருந்து உருவி, துடைத்து, வைப்பார். அந்தச் சிறு இடைவெளியில் முற்றத்தில் இருப்போர் ‘அந்தப் பாட்டைப் போடுங்கள்’ என்று குரல் கொடுப்பர். தேர்வு மனிதரிடம் இருந்தது.

எதிரொலியும் நாட்டமும்

ஒலிப்பதிவுக் கருவி பரவிய தொடக்கத்திலேயே அறிஞர்கள் இது பற்றிச் சிந்தித்தனர். பத்தேவியாவில் எழுந்த விவாதங்களையொட்டி ஸ்னூக் ஹுர்ஃரோன்யே 1900இல் ‘இஸ்லாமும் ஃபோனோகிராஃபும்’ என்ற கட்டுரையே எழுதினார். பழைய ஹனஃபி நூல்களில் ஒரு சட்டம் உண்டு: ஸஜ்தா வசனத்தை மலையின் எதிரொலியிலோ பழக்கப்பட்ட பறவையின் வாயிலோ கேட்டவர் மீது ஸஜ்தா கடமையாகாது. பிற்கால அறிஞர் பலர் ஒலித்தட்டை இவற்றோடு ஒப்பிட்டனர். ஏனெனில் அங்கே ஓதுபவரின் நாட்டம் இல்லை.

இவ்வொப்புமையிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. கருவிக்கு நாட்டம் இல்லையெனில், முழு நாட்டமும் கேட்பவரிடமிருந்தே வர வேண்டும். ஒற்றைத் தட்டுக் கருவி அந்நாட்டத்தை நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை, பின்னர் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, கேட்பவரிடம் வினவிற்று: இன்னும் கேட்கிறாயா? எழுந்து வந்தவர் ‘ஆம்’ என்றார். வராதவரின் வீட்டில் மௌனம் நிலவிற்று. தொடர் கருவி அவ்வினாவை எழுப்புவதில்லை. நாம் கொடுத்த விலை அதுவே. உழைப்பு குறைந்ததை நாம் குறை கூறவில்லை. வினா மறைந்ததையே கூறுகிறோம்.

பழைய கருவிக்குத் திரும்புவது இதற்குத் தீர்வாகாது. பீத்தோவனை ஏழு இடங்களில் அறுத்த காலத்தையும், அம்முதியவர் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்திருக்கக்கூடிய நிலையையும் யாரும் வேண்டார். வினாவை மட்டும் நாமே எழுப்பிக்கொள்ளலாம். நம் கிராஅத் வகுப்பில் கைப்பேசியில் ஹுஸரீயின் ஓதலை ஒலிக்கவிடும்போது, ஒரு ருகூஉ முடிந்ததும் நிறுத்தும் பொறுப்பை ஒரு மாணவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். நிறுத்தியபின் ஒவ்வொருவரும் தாம் கேட்டதை ஓதிக் காட்ட வேண்டும். ‘ஹஜ்ரத், அதுவாகவே அடுத்ததுக்குப் போகுமே, ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?’ என்று ஒரு மாணவர் கேட்டார். ‘அது போகும்; நீர் கூடப் போனீரா என்று பார்ப்பதற்குத்தான்’ என்றோம். அன்று அவரால் ஓதிக் காட்ட இயன்றது முதல் இரண்டு வசனங்கள். இப்போது நிறுத்தும் பொறுப்பு அவருடையது.