‘வாடிப்பட்டில எங்கன?’: வீட்டுமனை, விலாசம், நம் குழந்தைகள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளை எடுத்துப் பேசுவது நம் வழக்கம். நான் எடுத்திருக்கும் பொருள் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். சிறு குழந்தைகளோடு ஊர் மாறும் ஒரு குடும்பம் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? பள்ளிக்கூடம் பக்கமா, தண்ணீர் வருமா, பஸ் வசதி உண்டா, வாடகை கட்டுமா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்தான். நம் வீடுகளில் மட்டும் இந்தப் பட்டியலுக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் துணைவரும் இரண்டு குழந்தைகளோடு வாடிப்பட்டியிலிருந்து மதுரைப் பக்கம் குடிவர முடிவு செய்தோம். சமயநல்லூர், பரவை, விளாங்குடி, ஆனையூர், திருப்பாலை, நாகமலை புதுக்கோட்டை என்று ஞாயிறுதோறும் வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் அந்த அம்மா அன்பாகத்தான் பேசினார். குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: “சொந்த ஊரு எதும்மா?” “வாடிப்பட்டிங்க.” “வாடிப்பட்டில எங்கன?” சொன்னேன். “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். போன் வரவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் கேள்வி இதே இடத்தில்தான் வந்து நின்றது. யாரும் சாதியைக் கேட்கவில்லை. தெருவைத்தான் கேட்டார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பது கேட்டவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்டாள்: “அம்மா, புது ஸ்கூல்ல கேட்டா நம்ம தெரு எதுன்னு சொல்லணும்?”

தெருவின் பெயர் எப்படிச் சாதிச் சான்றிதழ் ஆனது? அதற்கு வீட்டுமனையின் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். 1892 அரசாணைக்கும் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கும் அடிப்படை என்று அந்த அறிக்கையை நாம் அறிவோம். நிலத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பேசாத ஒரு பகுதி அதில் உண்டு. அது குடியிருந்த மனையைப் பற்றியது. குடிசை நின்ற இடம் மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கூடக் கேட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலும் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். உழைப்பைக் கட்டிப்போட்ட கயிறு கூலியில் மட்டும் இல்லை, குடியிருந்த இடத்திலும் இருந்தது. ஆகவே மனைக்கு உரிமை கொடுக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது.

அதன்பின் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, தொழிலாளர் ஆணையர் துறை வழியாக, சென்னை மாகாண அரசு வீட்டுமனைகளைக் கையகப்படுத்திக் கொடுக்கத் தொடங்கியது. மனையின் விலையை மக்களிடமே தவணையாக வசூலித்ததும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு அரிசன நலத்துறை வந்தது. 1971இல் குடியிருப்புதாரர்களுக்கு மனை உரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. 1985இல் மத்திய அரசின் இந்திரா வீட்டுவசதித் திட்டம் வந்தது. இவை பெரிய மாற்றங்கள்தான். குடிசையைப் பிரிக்கச் சொல்லும் அதிகாரம் பண்ணையார் கையிலிருந்து போனது. நம் தாத்தா பாட்டிகளுக்கு முதல் பட்டா கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் அரசு எங்கே மனை கொடுத்தது? பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சேரிக்கு அடுத்தாற்போல, ஊருக்கு வெளியே. பண்ணையார் வகுத்த வரைபடத்தின் மேலேயே அரசு தன் வரைபடத்தையும் வைத்தது. சேரி ‘காலனி’ ஆனது. உரிமை மாறியது, இடம் மாறவில்லை. 1895இல் பெரியாறு அணை முடிந்து கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு வாடிப்பட்டிச் சுற்றுவட்டாரம் நெல் விளையும் பூமியானது. அந்த வயல்களில் நாற்று நட்ட கைகள் எங்கே குடியிருந்தன என்பதை இன்றும் எந்த ஊருக்குள் நடந்தும் கண்டுகொள்ளலாம். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போகலாம். ‘எங்கன?’ என்ற கேள்வி போகவில்லையே!

அந்தக் கேள்விக்குப் பயந்து வாழ்ந்த ஒரு மாணவரை நம் வரலாறு அறியும். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் தம் கோயம்புத்தூர் மாணவப் பருவத்தைப் பற்றி எழுதுகிறார். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் குடும்பம், குடியிருப்பு எல்லாம் விசாரிப்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, வகுப்பு தொடங்கும்வரை வெளியில் எங்காவது இருந்து படித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே போவார். விட்டதும் விரைந்து வீடு திரும்புவார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் நம் உரிமைக்காகச் சட்டமன்றத்தில் வாதாடியவர், தம் பிள்ளைப் பருவத்தில் சக மாணவரோடு விளையாட முடியாமல் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

இன்னொருவர் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது. 1917 செப்டம்பரில் பரோடா சமஸ்தானப் பணிக்குப் போன அம்பேத்கருக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்களிடம் கேட்டார், இடம் இல்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அமெரிக்காவில் படித்த படிப்பு ஒரு வாடகை அறையை வாங்கித் தரவில்லை. அவர் அதை எழுதியபோது, இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவன்தான் என்று புரிந்துகொண்டதாகச் சொல்கிறார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2005இல் அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் தகுதியைத் தம் சமூகத்தாருக்கு மட்டும் என்று சங்க விதி வரையறுப்பது செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரோடாவில் தடியோடு வந்ததை, 88 ஆண்டு கழித்து, சங்க விதி என்ற பெயரில் செய்துகொள்ளலாம். பார்சிகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. யார் யாரோடு வசிப்பது என்பது தனியார் விருப்பம் என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் கதவு திறந்தது. வாடகை வீட்டுக் கதவுக்கு அப்படி ஒரு நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமை குற்றச் சட்டம், பின்னர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமையின் அடிப்படையில், எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதை, வாங்குவதை, குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. எழுபது ஆண்டாக இருக்கும் பிரிவு. நம்மில் எத்தனை பேர் வீடு மறுக்கப்பட்டபோது இதை நினைத்தோம்? தெருவைக் கேட்டுவிட்டுப் போன் செய்யாமல் இருப்பதை எப்படி நிரூபிப்பது? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்யச் சொல்கிறது. சாதி பார்த்து ஒப்பந்தமே போட மறுப்பதைப் பற்றி அது பேசவில்லை.

தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் சுகதேவ் தோரட் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டு, வேறுவேறு சமூகப் பெயர்களில் போன் செய்தார்கள். மேல்சாதிப் பெயருக்கு மறுப்பே இல்லை. தலித் பெயருக்கு 100க்கு 18 இடங்களில் நேரடி மறுப்பு. முஸ்லிம் பெயருக்கு அதைவிடவும் அதிகம். நம் கதை நம்முடையது மட்டும் இல்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏன் போக வேண்டும், நம் தெருவிலேயே இருக்கலாமே என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1994இல் ஐந்து நகரங்களில், வறுமை செறிந்த குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற வாடகை உதவி கொடுத்துப் பார்த்தார்கள். தமிழ் வம்சாவளிப் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். 13 வயதுக்கு முன் வறுமை குறைந்த பகுதிக்கு இடம் மாறியவர்கள், வளர்ந்தபின் மற்றவர்களைவிட 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வயது கூடக்கூடப் பலன் குறைந்தது. குழந்தை சிறிதாக இருக்கும்போதே இடம் மாற வேண்டும் என்ற நம் பெற்றோரின் அவசரத்தில் அர்த்தம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். நல்ல மதிப்பெண், நல்ல பள்ளி எதுவும் காப்பாற்றவில்லை. கலந்து வாழ் என்று ஒரு குழந்தையை அனுப்பும்போது எதற்குள் அனுப்புகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அம்பேத்கரிடம் இதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. 1930களில் தம் வீடான ராஜகிருகத்தை பம்பாய் தாதரில் இந்து காலனியில் கட்டினார். 1942இல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்டோர் மாநாடு, நம் மக்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அதற்கான குடியேற்ற ஆணையம் இடம்பெற்றது. முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: காலுக்குக் கீழே உள்ள மண் நம் பெயரில் இருக்க வேண்டும், வாசலில் நம் பெயர் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். சேரியில் குறைவது முதலாவது, வாடகை வீட்டில் குறைவது இரண்டும்.

தமிழ்நாடு ஒரு மூன்றாவது பதிலையும் முயன்றது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். தென்மாவட்டங்கள் கொதித்த அந்த ஆண்டில்தான் சமத்துவபுரம் திட்டம் பிறந்தது. முதல் சமத்துவபுரம் நம் மாவட்டத்தில், திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 100 வீடு, அதில் 40 நமக்கு, மீதி மற்றவர்களுக்கு, கலந்து. எண்ணிக்கையில் மிகச் சிறியது, ஊருக்கு வெளியேதான் கட்டப்பட்டது என்ற விமர்சனம் சரி. ஆனாலும் அரசு மனை கொடுத்தபோது சேரியின் எல்லையை விட்டு வெளியே வந்த திட்டம் அது. இதே மாவட்டத்தில்தான் உத்தப்புரத்தில் 1989 முதல் ஒரு சுவர் நின்றது. அதன் ஒரு பகுதியை இடிக்க 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமத்துவபுரமும் சுவரும் ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. எது நிலைக்கும் என்பது இயக்கம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

எங்களுக்குக் கடைசியில் வீடு கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒரு ரயில்வே ஊழியரின் மாடி. அவர் கேட்டது அட்வான்ஸ் எவ்வளவு தர முடியும் என்பதை மட்டும்தான். மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதில் எனக்கும் என் துணைவருக்கும் சண்டையே வந்தது. “மறைக்காதே, சொல்” என்றேன் நான். “ஏழு வயசுப் பிள்ளை நம்ம போராட்டத்தைத் தூக்கிக்கிட்டுப் போகணுமா?” என்றார் அவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. “தாத்தா வீடு காலனியில இருக்குன்னு சொல்லு, யாராவது எதாவது சொன்னா எங்ககிட்ட வந்து சொல்லு” என்று முடித்தோம். தலைமையாசிரியரை நாங்களே போய்ப் பார்த்து எங்கள் ஊரையும் தெருவையும் சொல்லிவிட்டு வந்தோம். சொல்லும் பாரத்தைப் பெரியவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது புரிந்தது.

மாணவத் தோழர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வீடு மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதி, இடம், கேட்ட கேள்வி மூன்றையும் எழுதி வையுங்கள். நம் அமைப்புகளில் அதைத் தொகுப்போம். 1955 சட்டத்தின் அந்தப் பிரிவு உயிர்பெற ஆதாரம் வேண்டும். வாடகைச் சட்டத்தில் சாதி மறுப்பைக் குற்றமாக்கும் திருத்தத்தைக் கேட்கவும் அதே ஆதாரம்தான் வேண்டும். இரண்டாவது, புறநகரில் குடியேறிய பிறகு ஊரை மறந்துவிடாதீர்கள். நாம் காலி செய்துவந்த தெருவில் இன்னும் பட்டா இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன.

வாடிப்பட்டி மேளம் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஒரு குழந்தை கூசக் கூடாது. எந்தத் தெரு என்று கேட்டாலும் கூசக் கூடாது. நல்ல பகுதி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் அளவுகோலாகச் சொல்வேன்: நம் பிள்ளை தன் தெருவின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடி விளையாட்டுக்கு ஓடக்கூடிய இடம். அப்படி ஓர் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை, அவளுடைய பிள்ளைகளுக்கு இருக்கக் கூடாது.