கடல் கடந்து வந்த குதிரைகள்

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே மணற்பாங்கில் அமைந்த ஊர் நெம்மேலி. இக்கரையைக் காணுந்தோறும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: இம்மணலில் இறங்கிய குதிரைகள் எதைத் தின்று பிழைத்தன?

குதிரைகள் இறங்கியது கற்பனையன்று. வெண்பிடரிக் குதிரைகளைக் கொணர்ந்த மரக்கலங்கள் நீர்ப்பெயற்றுத் துறையில் நின்றதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அத்துறை மாமல்லபுரமே என்பாரும் உளர்.

விரிவான செய்தி பிற்காலப் பாண்டிய நாட்டைப் பற்றியே கிடைக்கிறது. 1292-ஆம் ஆண்டை ஒட்டி அங்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரை வைத்தியர் வந்துவிடாதபடி வணிகரே தடுத்தனராம். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் ஆகியவற்றை ஊட்டினர் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப். அன்புக்குக் குறைவில்லை, மாப்பிள்ளை விருந்தேதான்! ஆயின் குதிரையின் குடல் புல்லுக்கென அமைந்ததன்றோ?

வணிகர் சூழ்ச்சி ஒன்றே காரணம் என்பது எனக்கு நிறைவளிக்கவில்லை. கணக்கிட்டுப் பாருங்கள். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். 2,000 குதிரைகளுக்கு 16 டன்! நெல் விளையும் நன்செய் நாட்டில் அத்துணைப் புல்லுக்கு எங்கே போவது? வைக்கோலில் சத்துக் குறைவு. தவிடு மிகுந்து சுண்ணச்சத்துக் குறைந்தால் எலும்பு நலியும். மணல்மேல் இட்ட தீனியோடு மணலும் உட்சென்று குடலை அடைக்கும்.

கொட்டிலின் கழிவும் சிறிதன்று. நாளொன்றுக்கு ஒரு குதிரை 15 கிலோவுக்குக் குறையாமல் இலத்தி இடும். அதனை அகற்றாவிடின் ஈக்கள் பெருகும். சிறுநீர் தேங்கினால் எழும் நெடி குதிரையின் மூச்சையே கெடுக்கும். கிணற்றருகே குவித்தாலோ, மழைநீரோடு மணலில் இறங்கிக் குடிநீரைப் பாழாக்கும். மேட்டில் குழியமைத்து மட்கவைத்தால் அதுவே வயலுக்கு நல்லெரு.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1824-ஆம் ஆண்டில் படைக்குதிரைகளுக்கெனப் பண்ணை அமைத்தது இக்கரையிலன்று. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில். அங்கே காற்றில் ஈரம் குறைவு, மேய்ச்சல் நிலம் மிகுதி. சிறுமழையிலும் விளையும் கொள்ளு அப்புன்செய்க்கு உரிய பயிர். ஆங்கிலத்தில் கொள்ளுக்கு வழங்கும் பெயரே குதிரைப் பயறு என்று பொருள்படுவதாகும்.