அரிக்கமேட்டு மணியும் என் மாடிச் சூளையும்

இன்னைக்கு எபிசோடு ஒரு சீட்டிலிருந்து தொடங்குது. காதணி அட்டையில் ஒட்டுகிற, ரெண்டு விரல் அகலச் சீட்டு.

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன மின்சூளை வைத்துக் கண்ணாடி நகை செய்கிறேன் என்பது தொடர்ந்து கேட்பவர்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு கடைக்காரர் 200 ஜோடி காதணி கேட்டார். எனக்கு அது மூன்று மாத வேலை, மூன்று மாத வருமானம். ஒரே நிபந்தனை, சீட்டில் ‘அரிக்கமேட்டின் 2000 ஆண்டு மரபு’ என்று அச்சடிக்கணும். “வெளியூர்க்காரங்க கதைக்குத்தாம்மா காசு குடுப்பாங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனா, கதை உண்மையான்னு பார்க்கணும்ல? படிக்க உட்கார்ந்தேன்.

அரிக்கமேடு எங்களுக்குப் பக்கம்தான். ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பை ஒட்டி இருக்கு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அவருடைய கண்ணெல்லாம் ரோமானியப் பானை ஓடுகள் மேல்: இத்தாலியில் செய்த அரெட்டைன் தட்டு, மது வந்த ஆம்போரா சாடி. காலம் கணிக்க அதுதான் உதவும், ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பின் பிரெஞ்சுக்காரரான கசால், அப்புறம் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மணிகளையே விடாமல் துரத்தியவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். ‘இந்தோ-பசிபிக் மணி’ என்ற பெயரே அவர் வைத்ததுதான்.

பெயருக்குக் காரணம் இருக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒரு மணிக்கு ஒரே நிறம். பெரும்பாலானவை மிளகின் அளவைத் தாண்டாது. இந்தப் பொடி மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரைக்கும் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன. அரிக்கமேட்டில் மணி மட்டுமில்லாமல் உடைந்த கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் வீணான கழிவுகளும் கிடைத்திருக்கின்றன. விற்ற இடம் மட்டுமில்லை, செய்த இடமும் அதுவே என்பதற்கு அந்தக் குப்பைதான் சாட்சி.

எப்படிச் செய்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள பிரான்சிஸ் போன இடம், திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டை. அங்கே இருபதாம் நூற்றாண்டிலும் அதே மாதிரி வேலை நடந்துகொண்டிருந்தது. ‘லடா’ என்ற நீளமான இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைப் பெரிய உருண்டையாகச் சேர்ப்பார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்தினால் உருண்டைக்கு நடுவில் பொத்தல் விழும். அதை உலைக்குள் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நிற்கிறவர் கொக்கியால் கண்ணாடியைப் பிடித்து நூல் இழுக்கிற மாதிரி இழுப்பார். பொத்தலும் கூடவே நீளும். இப்படி மணிக்கணக்கில் மெல்லிய குழாய் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் துண்டு துண்டாக வெட்டணும். வெட்டிய ஓரம் கூராக இருக்குமே? சாம்பலோடு கலந்து சூட்டில் கிளறுவார்கள். ஓரம் மழுங்கும்; சாம்பல் இருப்பதால் பொத்தல் அடைபடாது, ஒன்றோடொன்று ஒட்டவும் ஒட்டாது. எவ்வளவு எளிய யுக்தி பாருங்க!

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் உறைச்சது. ‘கைவினை’ன்னு நாம விளம்பரம் பண்றது வேற. ஒவ்வொன்றும் தனித்துவமானது, ஒருத்தரே நிதானமாகச் செய்தது என்கிறோம். அரிக்கமேட்டு மணி அப்படி இல்லை. பல கைகள் சேர்ந்து, வேகமாக, ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே மாதிரி வரணும்னு செய்த சரக்கு அது. செய்த இடத்தில் மலிவாகத்தான் இருந்திருக்கணும். மதிப்பு கடல் தாண்டித்தான் ஏறியது. கிழக்கு இந்தோனேசியாவில் ‘முதிசாலா’ என்கிற செம்பழுப்பு மணிகளைக் குடும்பச் சொத்தாகப் பாதுகாக்கிறார்கள். இழுத்தவர் பெயர் எங்குமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை மணியை இலங்கையின் மாந்தையிலும், தாய்லாந்தின் குளோங் தோமிலும் செய்திருக்கிறார்கள். ‘அரிக்கமேட்டு மணி’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பெயர் சூட்டினாலே தகராறு. அதுவும் என் காதணிக்கு?

நான் செய்வது வேற வேலை. கண்ணாடித் தகடுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இரண்டும் உருகி ஒன்றாகும். பிறகு 500 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, மெதுவாக ஆறவிடணும். அவசரப்பட்டால் வெடிக்கும். இரண்டு கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிந்து, ஒரே அளவு சுருங்கணும். இது தெரியாமல் ஆரம்பத்தில் பழைய பாட்டில் துண்டையும் வாங்கின தகட்டையும் சேர்த்துச் சுட்டேன். சூளையிலிருந்து எடுத்தப்போ அழகா இருந்தது. மூணாம் நாள், வாங்கினவங்க காதிலேயே கீறல் விட்டுப் பாதி கழன்று விழுந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கும் பழைய வேர் உண்டு. கிரேக்க, ரோமானிய மொசைக் கண்ணாடிக் கிண்ணங்கள் நிறத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து உருக்கி இணைத்தவைதான். நம்ம காலத்தில் வீட்டுச் சூளைக்காரர்களுக்கு வழி திறந்ததில், 1974-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. ஒன்றோடொன்று பொருந்துமா என்று சோதித்த தகடுகளை அவர்கள் விற்க ஆரம்பித்தார்கள். ஆக, என் தொழிலோட பாட்டன் மத்தியதரைக் கடல் பக்கம், சித்தப்பா போர்ட்லாந்துல. அரிக்கமேட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு, பஸ்ஸில் போய்ப் பார்த்துட்டு வர்ற தூரம்தான்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “யாரும்மா வந்து கேக்கப் போறாங்க?” என்றார். யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனா லடா பிடிச்சு உலைச் சூட்டில் நின்ற ஆள் பெயரும் போய், கடைசியில் அவர் வேலையும் என் பேருக்கு வரணுமா? மனசு ஒப்பலை.

200 ஜோடி ஆர்டர் போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அவரே கூப்பிட்டு 60 ஜோடி எடுத்துக்கிட்டார், விற்றால் காசு என்ற கணக்கில். சீட்டில் ‘உருக்கி இணைத்த கண்ணாடி, புதுச்சேரி’ன்னு மட்டும் இருக்கு. ஒரு ஜோடி 450 ரூபாய். போன வாரம் வரைக்கும் 22 போயிருக்கு.